அண்ணி போட்ட சோறு

தைப்பூசத்தை ஒட்டி ஏதாவது எழுதிக் கொடு என்று எங்கள் கிளைச் செயலாளர் அக்கா கேட்டபோது, விரத முறைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. மூன்று வருஷமாக 48 நாள் விரதம் இருந்து பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன். ஆனால் போன வருஷ விரதத்தின் நடுவில் நடந்த ஒரு விஷயம் அந்தக் கட்டுரையை எழுத விடவில்லை. இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் அழித்துவிட்டேன். அதனால் வள்ளலாரைப் பற்றி எழுதுகிறேன். என்ன சம்பந்தம் என்பது போகப் போகத் தெரியும்.

வள்ளலார் என்றால் நம்மில் பலருக்கு வெள்ளைத் துணியால் தலையை மூடிய ஒரு படம் ஞாபகம் வரும். அப்புறம் பயிரைப் பற்றிய அந்தப் பாட்டு. தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவர்கள்கூட நம் கிளையில் இருக்கிறார்கள். எனக்கும் அதற்கு மேல் தெரியாமல்தான் இருந்தது. வீட்டில் தாத்தா வைத்திருந்த பழைய வரலாற்றுப் புத்தகம் ஒன்றைப் படித்த பிறகுதான், அந்த மனிதருடைய வாழ்க்கையே ஒரு தட்டுச் சோற்றைச் சுற்றி நடந்தது என்று எனக்குப் பட்டது.

இராமலிங்கம் பிறந்தது 1823 அக்டோபர் 5-ஆம் தேதி, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில். அப்பா இராமையா பிள்ளை, அம்மா சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். சின்னம்மை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரி பக்கம் தன் பிறந்த ஊருக்குப் போய், பிறகு சென்னைக்குக் குடிவந்தார். ஏழுகிணறு வட்டாரத்தில் வீராசாமித் தெருவில் வீடு. மூத்த அண்ணன் சபாபதி காஞ்சிபுரத்துப் புலவர் ஒருவரிடம் தமிழ் படித்தவர். புராணச் சொற்பொழிவு செய்தும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும் வந்த வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது.

இந்த சபாபதி அண்ணனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எல்லாப் புத்தகத்திலும் அவரைக் கோபக்காரர் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அப்பா இல்லாத வீடு, தலைமேல் முழுப் பாரம். தம்பியை உட்கார வைத்துப் பாடம் சொன்னால் அவன் கவனிப்பதில்லை. சரி, நம்மிடம்தான் படிக்கவில்லை என்று தான் படித்த ஆசிரியரிடமே அனுப்பி வைக்கிறார். அங்கேயும் பையன் ஒழுங்காகப் போவதில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் போய் நின்று, சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டிருக்கிறான். பாட்டைக் கேட்ட ஆசிரியர், இவனுக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை என்று கை விரித்துவிட்டதாகச் சொல்வார்கள். ஆனால் அண்ணனுக்கு அது சமாதானமாகவில்லை. பாட்டுப் பாடினால் பிழைப்பு நடக்குமா? எஸ்.பி.எம். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது என் அப்பா என் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினாரே, அதே பயம்தான்.

சபாபதி கையில் பூட்டி வைக்க வேறு என்ன இருந்தது? சோறும் துணியும்தான். தம்பி திருந்துகிற வரைக்கும் அவனுக்கு வீட்டில் சாப்பாடு போடக்கூடாது, துணி கொடுக்கக்கூடாது என்று மனைவி பாப்பாத்தி அம்மாளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பையன் வீட்டை விட்டு வெளியே போனான்.

அண்ணிக்கு மனசு கேட்கவில்லை. கணவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பையனைப் பின்பக்கமாக வரச்சொல்லிச் சோறு போட்டார். அந்தக் காலத்தில், அதுவும் புருஷன் நேராகச் சொன்ன பிறகு, இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இது கொஞ்ச காலம் நடந்திருக்கிறது. அண்ணன் சாப்பாட்டை நிறுத்தினார், அண்ணி ஒளித்துப் போட்டார், பையன் கந்தகோட்டத்தில் பாடிக்கொண்டே இருந்தான். சோற்றை நிறுத்தியதால் அவன் படிக்கவில்லை, கவனியுங்கள்.

அப்புறம் ஒருநாள் இறந்துபோன அப்பாவின் திதி வந்தது. வீட்டில் படையல், பாயசம், உறவுக்காரர்கள் கூட்டம். எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்பிப் போனார்கள். கூட்டம் கலைந்த பிறகு கடைசிப் பிள்ளை வழக்கம்போலப் பின்வாசலில் வந்து நிற்கிறான். இலை போட்டுப் பரிமாறிய அண்ணிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அப்பாவின் திதி நாளிலே ஊராரெல்லாம் முன்னால் உட்கார்ந்து சாப்பிட, பெற்ற பிள்ளை பின்னால் ஒளிந்து சாப்பிட வேண்டியிருக்கிறதே, அண்ணன் சொல்வதைக் கொஞ்சம் கேட்டு வீட்டோடு இருந்துவிடக்கூடாதா என்று அழுதுவிட்டார். பையனால் அதைத் தாங்க முடியவில்லை. இனி வீட்டிலேயே இருக்கிறேன், படிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். மாடியில் தனி அறை கேட்டான், ஒரு நிலைக்கண்ணாடியும் விளக்கும் கேட்டான். அந்தக் கண்ணாடியில் முருகன் தெரிந்தார் என்பதுதான் பிறகு எல்லாரும் சொல்லும் கதை. எனக்கு என்னவோ கண்ணாடியைவிட அந்த இலைதான் பெரிதாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு உடம்பு முடியாத ஒரு நாள் அவருக்குப் பதிலாகச் சொற்பொழிவு செய்யப் போனார். கேட்டவர்கள் இனி இந்தப் பையனே வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். திருவொற்றியூருக்கு நடையாக நடந்தார், பாடினார். 1858-இல் சென்னையை விட்டுக் கிளம்பிச் சிதம்பரம் பக்கம் போய், கருங்குழி என்ற ஊரில் ஒரு ரெட்டியார் வீட்டில் பல வருஷம் தங்கினார். தண்ணீரில் விளக்கெரித்த கதை அந்த வீட்டில் நடந்ததாகச் சொல்லப்படுவதுதான்.

நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே தள்ளிப் போட்டேன் என்றும் சொல்லலாம். 1850-இல் வீட்டார் வற்புறுத்தலால் அக்காள் மகள் தனக்கோடி அம்மாளை அவருக்குக் கட்டி வைத்தார்கள். முதல் இரவில் அவர் திருவாசகம் படித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். இல்வாழ்க்கை வாழவே இல்லை. நம் சொற்பொழிவாளர்கள் இந்த இடத்தில் வள்ளலாரின் துறவைப் பாராட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். கிளைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு தங்கச்சி, அந்தம்மா என்ன ஆனாங்க என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஒருத்தர் தனக்கு வேண்டாம் என்று ஒன்றை விடும்போது, அது அவருடைய பங்கு மட்டும்தானா, பக்கத்தில் இருப்பவர் பங்கும் சேர்ந்து போகிறதா? கட்டி வைத்தவர்கள் மேல்தான் தப்பு, அவர் மேல் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் தனக்கோடி அம்மாள் இழந்ததும் இழப்புத்தான். மகான் வாழ்க்கையை எழுதுகிறோம் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கோபப்படுகிறவர்கள் கிளைக்கு வந்து என்னைத் திட்டலாம்.

1865-இல் சங்கம் தொடங்கினார். அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வடலூர். அங்கே ஊர் மக்கள் ஏறக்குறைய 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். 1867 மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. சாதி, மதம் எதுவும் கேட்காமல் பசியோடு வருகிற யாருக்கும் சாப்பாடு. அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. அந்த அடுப்பின் நீளம் 21 அடி என்று படித்தபோது, இயந்திரவியல் படிக்கிறவன் என்பதால் என் புத்தி உடனே கணக்குப் போட்டது. குளிர்ந்துபோன பெரிய அடுப்பை மறுபடி சூடேற்றி உலை வைக்க ரொம்ப நேரம் பிடிக்கும். சூடாகவே இருந்தால், நேரங்கெட்ட நேரத்தில் ஒருத்தர் வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதில்லை. பசித்தவனுக்கு மணி பார்க்கத் தெரியாது. அதை யோசித்த ஒருத்தர்தான் இப்படி அடுப்பை வைத்திருக்க முடியும்.

சீவகாருண்ய ஒழுக்கம் என்று உரைநடையில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். பாட்டுப் புரியாதவர்கள்கூட அதைப் படிக்கலாம். அதில் பசி வந்தால் உடம்பில் என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அறிவு எப்படி மங்கும், கண் எப்படி உள்ளே போகும், காது எப்படி அடைக்கும், நாக்கு எப்படி வறளும், கைகால் எப்படித் தளரும் என்று டாக்டர் நோயாளியைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கிறது. பின்வாசலில் நின்று சாப்பிட்ட பையன்தான் வளர்ந்து இதை எழுதினான் என்று நினைத்துக்கொண்டு படித்தேன். அதே நூலில், கல்யாணத்துக்குப் பந்தல் அலங்காரம் மேளதாளம் என்று செலவு செய்கிறவர்கள் பசித்தவனைத் திரும்பிப் பார்க்காததையும் கேட்கிறார். மண்டபத்துக்கு மட்டும் பத்தாயிரம் வெள்ளி கொடுத்த என் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

அவரே ரொம்பக் குறைவாகத்தான் சாப்பிட்டார். கூட இருந்தவர்கள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் தான் குறைத்துக்கொண்டதைப் போல நீயும் குறை என்று தருமச்சாலைக்கு வந்தவரிடம் சொல்லவில்லை. அவருக்கு முழு வயிற்றுக்குப் போட்டார். உயிரைக் கொன்று தின்னக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். நம் ஊரில் சில கோயில்களில் ஆடு கோழி வெட்டுவதைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்பது தனிக் கட்டுரை, இப்போது வேண்டாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

போன வருஷ விரதத்தில் நான் ஒரு வேளைதான் சாப்பிட்டேன். வீடு பக்கம் என்பதால் அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை விடுதிக்குச் சைவச் சாப்பாடு கட்டி அனுப்புவார். அம்மாக்களுக்கு ஒரு ஆளுக்கு அளவாகச் சமைக்கத் தெரியாது, உங்களுக்கே தெரியும். நான் சாப்பிட்டது போக மீதி கிடக்கும், அடுத்த நாள் கெட்டுப்போகும், குப்பையில் கொட்டுவேன். தினமும் விரதத்தில் எத்தனையாவது நாள் என்று படம் போட்டு நண்பர்களுக்குக் காட்டினேன். நாற்பது பேர், ஐம்பது பேர் கைகூப்பி அனுப்புவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

என் அறையில் இன்னொரு பையன் இருந்தான். பேராக் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவன். அந்தப் பருவத்தில் அவனுக்குக் கல்விக் கடன் பணம் வந்து சேரவில்லை. அது எனக்குத் தெரியும், சும்மா ஒரு செய்தி மாதிரி தெரியும். சாப்பிடப் போகலாம் வாடா என்று கூப்பிட்டால், பசியாறியாச்சு என்பான். கேண்டீனில் அவனைப் பார்த்து ரொம்ப நாளானதை நான் கவனிக்கவில்லை. எனக்கு என் பசிதான் கணக்கு.

முப்பதாவது நாள் வாக்கில், ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா அனுப்பின டப்பாவை எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் போனேன். அவன் படுத்திருந்தான். எழுந்து உட்கார்ந்து, அது கெட்டுப்போச்சா என்று கேட்டான். இல்லை, மிச்சம்தான் என்றேன். அப்படியென்றால் இங்கே வை, காலையில் பார்க்கலாம் என்று சாதாரணமாகத்தான் சொன்னான். நான் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். துண்டை மறந்து திரும்பி வந்தபோது, விளக்கைக்கூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆறிப்போன சாதம், சாம்பார், கோஸ் பொரியல். அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து நான் துண்டை எடுக்காமலே வெளியே போய்விட்டேன். அப்புறம்தான் மெல்ல மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மெகி பாக்கெட்டை உடைத்து இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வது, கிளாஸ் இல்லாத நாளில் மத்தியானம் வரை எழுந்திருக்காமல் தூங்குவது என்று மூன்று வாரம் ஓட்டியிருக்கிறான். வீட்டில் கேட்டால் அம்மா கடன் வாங்குவார் என்று கேட்கவில்லை.

சீவகாருண்ய ஒழுக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது. மானமுள்ளவர்கள் பசி வந்தாலும் வாய் திறந்து சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள்ளேயே புழுங்குவதைப் பற்றி. ரொம்ப நாள் கழித்து அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நான் செய்தது என்ன? யாருடைய சோற்றையும் நான் பிடுங்கவில்லை. சபாபதி மாதிரி உத்தரவு போடவில்லை. ஆனால் நான் வேண்டாம் என்று விட்ட சோறு குப்பைக்குப் போனது, அதிலிருந்து ஆறடி தள்ளி ஒருத்தன் பட்டினி கிடந்தான். விரதமும் பட்டினியும் வயிற்றுக்கு ஒன்றுதான். எனக்கு 48-ஆவது நாள் முடியும் என்று தெரியும். அவனுக்கு எப்போது முடியும் என்று தெரியாது. சபாபதியாவது தம்பிக்குச் சோறு இல்லை என்று தெரிந்து செய்தார்.

வள்ளலார் கதையை முடிக்கவில்லை. 1872 தைப்பூசத்தில் சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. ஏழு திரைகளை விலக்கிச் சோதி காட்டுவது இன்றும் ஒவ்வொரு தைப்பூசத்திலும் நடக்கிறது. நாம் பத்துமலைப் படி ஏறுகிற அதே நாளில் அங்கே லட்சக்கணக்கான பேர் அந்தச் சோதிக்காகக் காத்து நிற்கிறார்கள். 1874 ஜனவரி 30-ஆம் தேதி இரவு, மேட்டுக்குப்பத்தில் தம் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். பிறகு அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது உள்ளே யாரும் இல்லை.

அதற்கு இரண்டு வருஷத்தில், 1876-இல், சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் வந்தது. அந்தக் காலத்து அரசாங்கம் நிவாரண வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கணக்குப் போட்டது. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். நாள் முழுக்க மண் சுமக்கிற ஆளுக்கு. டெம்பிள் என்ற அதிகாரியின் திட்டம் அது. இது பத்தாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். செலவை மிச்சம் பிடிப்பதுதான் அவர்களுக்கு நோக்கம். சபாபதிக்கு இருந்த பாசம்கூட அங்கே கிடையாது. அந்த மாதிரிப் பஞ்ச காலங்களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அந்தப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் நம் முன்னோரில் இருக்கிறார்கள். சாப்பிட்டாயா என்பதை நாம் இங்கே பசியாறியாச்சா என்றே கேட்கிறோம். சின்ன வயதில் அதைச் சும்மா ஒரு விசாரிப்பு என்றுதான் நினைத்தேன்.

இந்த வருஷமும் விரதம் இருக்கிறேன். படம் போடுவதில்லை. அவனுக்கு அடுத்த மாதமே பணம் வந்துவிட்டது. இப்போது அவன் கேண்டீனில் எனக்குத் தேத்தாரே வாங்கித் தருகிற அளவுக்கு வசதியாக இருக்கிறான். இருந்தாலும் அம்மா இரண்டு டப்பா அனுப்புகிறார். என்ன நடந்தது என்று அம்மாவிடம் நான் சொன்னது பாதிதான், மீதியை அவராகவே புரிந்துகொண்டார். அவன் விரதம் இல்லாததால் இரண்டாவது டப்பாவில் நெத்திலி சம்பல் இருக்கும். வள்ளலார் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பிள்ளை சாப்பிடட்டும், நீ உன் விரதத்தைப் பார் என்று சொல்லிவிட்டார்.